எங்க வார்டு ரேஷன் கடை, கடலூர்: 5க்கு 4 ஸ்டார்

ஹோட்டலுக்கும் மொபைல் கடைக்கும் எல்லாரும் ரிவ்யூ போடுறாங்க, மாசாமாசம் போய் நிக்கிற ரேஷன் கடைக்கு யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதுறேன்.

இந்த மாசம் அம்மாவ கூட்டிட்டு போனேன். அம்மாவுக்கு ரேகை விழல, மூணு தடவ வச்சு பாத்துட்டு கடைசியா கண்ணு காட்டி தான் பில் வந்துச்சு. துவரம்பருப்பு 30 ரூபா, பாமாயில் 25 ரூபா. புழுங்கல் அரிசி சுத்தமா இருந்துச்சு, வடிச்சா சோறு உதிரியா வருது. போன மாசம் பாமாயில் கைக்கு வரவே இல்ல, அந்த ஒரு ஸ்டார் அதுக்குத்தான் குறைச்சேன்.

அரிசிக்கு காசே கிடையாது. 1967ல அண்ணா ரூபாய்க்கு ஒரு படின்னாரு, 2008ல கலைஞர் கிலோ ஒரு ரூபான்னாரு, 2011 ஜூன்ல ஜெயலலிதா சும்மாவே குடுத்தாங்க, அதுக்கப்புறம் எத்தனை ஆட்சி மாறியும் யாரும் நிறுத்தல. மேடையில அப்படி திட்டிக்கிற கட்சிங்க இதுல மட்டும் எப்படி ஒத்துப் போறாங்கன்னா, பதில் அந்த வரிசையிலயே இருக்கு. எனக்கு முன்னாடி ரிட்டயர்டு வாத்தியார், பின்னாடி மீன் விக்கிற அக்கா. 1997ல டெல்லி ஏழை, ஏழை இல்லாதவங்கன்னு பிரிக்க சொன்னப்பவும் தமிழ்நாடு பிரிக்கல, அரிசி கார்டு வச்சிருக்கிற எல்லாருக்கும்னு வச்சுக்கிச்சு. இதுல கை வச்சா எல்லா தெரு ஓட்டும் போயிடும். மீன்கார அக்காகிட்ட இத சொன்னப்ப, "பிரிச்சா மொத ஆளா எங்கள தான் தம்பி விட்ருவாங்க, சர்டிபிகேட்டுக்கு யாரு அலையறது" அப்டின்னாங்க. எனக்கும் அதான் படுது. மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய பாருங்க, 2021ல திமுக 1000ம்னா அதிமுக 1500ன்னு போட்டி போட்டாங்க, 2023 செப்டம்பர்ல தகுதி வச்சு குடுக்க ஆரம்பிச்சதும் ஏன் எல்லாருக்கும் இல்லன்னு சண்டை வந்துடுச்சு.

பாண்டி எல்லையில இருக்கிற முள்ளோடைய தாண்டினா கதையே வேற. எங்க அக்காவ பாண்டில குடுத்திருக்கோம். அங்க 2015லயே மத்திய அரசு அரிசிக்குப் பதிலா பேங்க்ல காசு போட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் அங்கத்த அரசு குடுக்கிற அரிசிக்கும் தகராறு, முதல்வர் நாராயணசாமி அரிசியாவே குடுக்கணும்னாரு, கவர்னர் கிரண் பேடி காசா போடணும்னாங்க, ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. ஏழைக்கு குடுக்கணும்ங்கறதுல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எந்த ரூபத்துல, யார் முடிவு பண்றதுங்கறதுல தான் மோதல். காசு போட்டா எடையில அடிக்க முடியாது, நடுவுல யாரும் எடுக்க முடியாதுன்னு கவர்னர் பக்கம் சொன்னதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அக்கா வீட்டுல காசு விழுந்த அன்னிக்கே லோன் டியூவுக்கு போயிடும், கடையில அரிசி விலை ஏறிட்டே இருக்கும், வர்ற காசு மட்டும் ஏறாம அப்படியே நிக்கும். அரிசின்னா நேரா அடுப்புக்கு தான போகுது. காசா போட ஆரம்பிச்சதால அங்க ரேஷன் கடையே மூடிக் கிடந்துச்சு, 2024 எம்.பி எலெக்ஷன்ல அது தான் பெரிய பேச்சு, அந்த தீபாவளிக்கு ரங்கசாமி அரசு கடைய திறந்து அரிசி, சக்கரை குடுத்துச்சு. அக்கா போன்ல "டேய், கடை தெறந்துட்டாங்கடா"ன்னு சொன்ன குரல் இன்னும் காதுல இருக்கு.

எங்க கடைக்கு போறவங்க மாச ஆரம்பத்துலயே போயிடுங்க, பாமாயில் தான் மொதல்ல தீருது. வயசானவங்களுக்கு ஒரு பெஞ்ச் போட்டா அந்த ஸ்டாரையும் சேர்த்து குடுத்துடுவேன்.