கொக்சொங்கா, புன்சொன்னா, ஜொங்சொன்னா? கொரியாவில் அம்மாவுக்கு ஒரு புகைவண்டி

போன மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு தேஜொன் நகரில் மூன்று வாரம் இருந்தார். ஒருநாள் வெளியூர் போகலாம் என்றதும் மகள் முந்திக்கொண்டாள்: "அப்பத்தாவுக்குப் புகைவண்டி காட்டணும்." கொரியாவில் பழைய ரயில், பழைய தடம் என்று விசாரித்தால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும். தெற்கே ஜொல்லா மாகாணத்தில் கொக்சொங் ரயில் கிராமம். கிழக்கு மலைகளுக்குள் புன்சொன்னிலிருந்து சொராம் வரை போகும் பள்ளத்தாக்கு ரயில். காங்வொன் மாகாணத்தில், தண்டவாளத்தின் மேல் மிதித்து ஓட்டும் ஜொங்சொன் தண்டவாள சைக்கிள். முதல் இரண்டுக்கும் நானே போயிருக்கிறேன். மூன்றாவதைப் பற்றி எழுதுவது, போய்வந்த அலுவலக நண்பரைக் குடைந்து கேட்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம். கொக்சொங்கில் ஓடுவது நீராவி எஞ்சின் இல்லை. கறுப்பு உடம்பு, புகைபோக்கி, கூவல் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். உள்ளே உறுமுவது டீசல். மேலே வரும் வெள்ளைப் புகை வேடிக்கைக்கு. கொரிய ரயில்வே 1967-லேயே நீராவிக்கு விடைகொடுத்துவிட்டது. பிறகு 1994-ல் சீனாவிலிருந்து ஒரு நீராவி எஞ்சினை வரவழைத்து, சியோல் புறநகர்த் தடத்தில் சுற்றுலாவுக்காக ஓட்டினார்கள். அதுவும் 2000-த்தோடு நின்றது. அசல் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு உய்வாங் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட, வட கொரிய எல்லைக்கு அருகே இம்ஜின்காக்கில் நிற்கும் எஞ்சினைப் பார்க்கலாம். 1950 கடைசியில் கொரியப் போருக்கு நடுவே நின்றுபோய், அரை நூற்றாண்டுக்கு மேல் துருப்பிடித்துக் கிடந்தது. உடம்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டு ஓட்டைகள். பார்த்தால் பேச்சு வராது. ஆனால் அது நகராது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நகராத ரயில் எதற்கு?

கொக்சொங்கில் வண்டி நகர்ந்ததும் அம்மா முந்தானையை இழுத்துப் பேத்தியின் கண்ணை மறைத்தார். பழக்க தோஷம். மானாமதுரைப் பக்கம் வளர்ந்தவர்; ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கரிவாடையே வரலையே?" என்றார். டீசல்மா, சும்மா வேஷம் என்றேன். "அதானே பார்த்தேன், சேலை வெள்ளையாவே இருக்கு." அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவர் கண் ஆற்றை விட்டு அகலவில்லை.

அந்த ஆறுதான் இந்தப் பயணத்தின் சரக்கு. பழைய கொக்சொங் நிலையம் 1933-ல் கட்டியது. ஜொல்லா ரயில் தடத்தை 1998 வாக்கில் நேராக்கி, நிலையத்தையும் வேறிடத்துக்கு மாற்றியபோது, சொம்ஜின் ஆற்றை ஒட்டி வளைந்து போன பழைய தண்டவாளம் அநாதையானது. அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்துக்கொண்டதுதான் அந்த ஊர் செய்த புத்திசாலித்தனம். காஜொங் நிலையம் வரை 10 கிலோமீட்டர், ஏறக்குறைய அரை மணி நேரம். ஆறு, பதினேழாம் எண் நெடுஞ்சாலை, தண்டவாளம் மூன்றும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகும். சொம்ஜின் என்றால் தேரைத் துறை என்று பொருள். கொரியாவின் பழைய கோர்யோ அரசின் கடைசிக் காலத்தில் ஜப்பானியக் கடற்கொள்ளையர் வந்தபோது, கரை முழுக்கத் தேரைகள் கூடிக் கத்தி அவர்களை விரட்டியதாகக் கதை. மகள் திரும்பி வரும்வரை ஜன்னல் வழியாகத் தேரை தேடினாள்.

புன்சொன் ரயிலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காட்சி என்று மட்டும் பார்த்தால் அது கொக்சொங்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 2013-ல் தொடங்கியது, 27.7 கிலோமீட்டரை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து கடக்கும். எஞ்சினுக்கு வெள்ளைப் புலி வரி. பெட்டியில் ஏசி கிடையாது, மின்விசிறி, குளிருக்கு அடுப்பு. வழியில் யாங்வொன் என்று ஒரு நிலையம் வரும். மாட்டுக் கொட்டகை அளவுக்குத்தான் இருக்கும். சாலை இல்லாத அந்த ஊருக்கு ரயில் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால், சந்தைக்குப் போய்வருபவர்கள் மூட்டையை ஜன்னல் வழியே வீட்டுப் பக்கம் எறிந்துவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வருவார்களாம். கடைசியில் 1988-ல் நிலையத்தை ஊர்க்காரர்களே கட்டிக்கொண்டார்கள். சொராமில் இறங்கினால் ஜப்பானியர் காலத்து நிலக்கரிச் சலிப்பு ஆலை கறுத்துப் போய் நிற்கும். வரலாறு வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

அப்படியிருந்தும் அம்மாவை அங்கே கூட்டிப்போகாததற்கு ஒரே காரணம், திரும்பி வருவது.

முந்தைய குளிர்காலத்தில் நானும் நண்பரும் போனோம். சொராமில் சுவர் சுவராகப் படம் எடுத்துக்கொண்டே நேரத்தைத் தவறவிட்டது என் தப்பு. அந்த மலைத் தடத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பனி. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. நிலையத்து இயந்திரத்தில் சூடான டப்பா காப்பி வாங்கி, குடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். முப்பது வயதில் அது சொல்லிச் சிரிக்கிற கதை. முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையுமாக ஒருவரை வைத்துக்கொண்டு அப்படி மாட்டினால் என்ன ஆகும்? பள்ளத்தாக்கு ரயில் ஒரு முனையில் ஏற்றி மறுமுனையில் விட்டுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு வருவது நம் பாடு. கார் இருந்தாலும் கார் நிற்பது ஏறிய இடத்தில். கொரியாவில் கார் இல்லாமல் கிராமத்துப் பக்கம் சுற்றுகிற நம்மவர்கள் டிக்கெட் விலையைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொக்சொங்கில் இந்தத் தலைவலி இல்லை. அதிவேக ரயிலே நிற்கிற ஊர். நாங்கள் சோதேஜொன் நிலையத்தில் முகுங்ஹ்வா என்கிற சாதாரண வேக ரயிலைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிப் போய் இறங்கினோம். புதிய நிலையத்திலிருந்து ரயில் கிராமம் அம்மாவின் நடையில் கால் மணி நேரம், மேடு பள்ளம் இல்லாத பாதை. வேஷக்கார ரயில் காஜொங் போய், அங்கே அரை மணி நேரம் நின்று, ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். அந்த அரை மணி நேரத்தில் ஆற்றின் மேல் தொங்குபாலத்தில் நடக்கலாம். மகளும் நானும் அக்கரை போய்வந்தோம். அம்மா நிழலில் உட்கார்ந்து, கொரிய ரயில் பயணத்தின் மாறாத தின்பண்டமான வேகவைத்த முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஜொங்சொன்னைச் சுருக்கமாக முடிக்கிறேன். குஜொல்லியிலிருந்து அவுராஜி வரை 7.2 கிலோமீட்டர், பழைய நிலக்கரித் தடம், 2005-லிருந்து நடக்கிறது. நாமே மிதிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு சின்ன ரயில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிடும். சரிவு துணைக்கு வருவதால் கால் அவ்வளவு வலிக்காது என்கிறார் நண்பர். நான் மிதித்தது கொக்சொங்கில் சிம்கோக்கிலிருந்து காஜொங் வரை உள்ள ஐந்து கிலோமீட்டர் மட்டும், அதுவும் இரண்டு வருடம் முன்பு. அதற்கே மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது. அவர் சொல்வதை அப்படியே நம்பலாமா என்பது உங்கள் தொடையைப் பொறுத்தது.

கொக்சொங்கில் குறையும் உண்டு. ரயில் கிராமத்துக்கு நுழைவுச்சீட்டு தனி, ரயில் சீட்டு தனி. மே மாத ரோஜாத் திருவிழா வாரக்கடைசியில் போனால் ரோஜாவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். உட்காரும் சீட்டு தீர்ந்துவிட்டால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். நாங்கள் போனது 13-ஆம் தேதி, வேலை நாள். தேதியை வேண்டுமென்றே பார்த்துவைத்தேன். அங்கே 3, 8-இல் முடியும் தேதிகளில் சந்தை கூடும்.

அந்தச் சந்தையில்தான் அம்மா ஒரு கிழவியின் கடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பழுப்பு நிறத்தில் ஏதோ சருகு மாதிரி கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்து ஒடித்து, முகர்ந்து, "சேம்புத் தண்டுடா இது. வத்தல் போட்டிருக்காங்க" என்றார். கொரியாவில் சேப்பங்கிழங்குக்குப் பேர்போன ஊர் கொக்சொங் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இவர் தமிழில் கேட்க, அந்தக் கிழவி ஜொல்லா வட்டார வழக்கில் பதில் சொல்ல, விரல் விட்டு எண்ணி வியாபாரம் படிந்தது. நான் நடுவில் புகுந்து மொழிபெயர்க்கப் போனபோது இரண்டு பேருமே கையமர்த்தினார்கள்.

அக்டோபரில் தம்பியும் அவன் மனைவியும் வருகிறார்கள். இருவருக்கும் முழங்கால் நன்றாக இருக்கிறது. அவர்களுக்குப் புன்சொன்தான் போட்டிருக்கிறேன். திரும்பும் ரயிலுக்கு இப்போதே சீட்டு எடுத்தாயிற்று.