இக்னாலினா அணுமின் நிலையச் சுற்றுலா: டர்பைன் இல்லாத டர்பைன் ஹால்

நெய்வேலியில் எட்டு வருடம் டர்பைன் ஓவர்ஹாலில் ஸ்பேனர் பிடித்தவன் நான். மகள் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் படிக்கிறாள். கோட்டை, தேவாலயம் என்று அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நான் கேட்டது இக்னாலினா. லிதுவேனியா தன் அணுமின் நிலையத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

நிலையத்துக்குப் பக்கத்து ஊரான விசாகினாஸ் வரை ரயில். அங்கே பிடித்த டாக்ஸிக்காரர் வெளியூர்க்காரர் என்று தெரிந்து இரண்டு மடங்கு வாங்கிவிட்டார், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முன்பதிவு கட்டாயம்.

வெள்ளை உடை, ஹெல்மெட், கழுத்தில் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர். முதல் யூனிட் ரியாக்டரின் மூடி மேலேயே நடக்கிறோம். காலடியில் 1,661 எரிபொருள் குழாய்களின் தலைகள், சதுரம் சதுரமாக. எரிபொருளை எடுத்தாயிற்று. கீழே இருப்பது எரிபொருள் குழாய்களைச் சுற்றி அடுக்கிய 1,700 டன் அளவு கிராஃபைட். அதிலுள்ள கதிரியக்கக் கார்பன்-14 பாதியாகக் குறையவே 5,700 வருடம் ஆகும். இந்த ரக ரியாக்டரின் நடுப்பகுதியை உலகில் இன்னும் யாரும் பிரித்ததில்லையாம்.

நான் காத்திருந்தது டர்பைன் ஹாலுக்குத்தான். சுமார் 600 மீட்டர் நீளம். முதல் யூனிட் பக்கம் காலி! கான்கிரீட் மேடை மட்டும் நிற்கிறது, ஆங்கர் போல்ட்டுகளை மட்டமாக அறுத்திருக்கிறார்கள். குனிந்து தடவிப் பார்க்கப் போனேன், வழிகாட்டிப் பெண் வேண்டாம் என்று கைகாட்டினார். நெய்வேலியில் நாங்கள் ரோட்டரை, அதாவது டர்பைனின் சுழலும் பாகத்தைக் கழற்றினால் தூசி படாமல் துணி சுற்றி வைப்போம். இங்கே அதைத் துண்டு போட்டு, தேய்த்துச் சுத்தம் செய்து, கதிர்வீச்சை அளந்து, தேறியதைப் பழைய இரும்பாக ஏலம் விடுகிறார்கள். பிரிப்பது என்றால் கேஸ் கட்டரும் கிரேனும் என்று நினைத்திருந்தேன். பாதி வேலை அளப்பதும் எழுதி வைப்பதும்தான்.

ஐரோப்பிய யூனியனில் சேர்வதற்கான நிபந்தனையாக 2004 டிசம்பர் 31 அன்று முதல் யூனிட்டையும், 2009 டிசம்பர் 31 அன்று இரண்டாவதையும் நிறுத்தினார்கள். 2038-க்குள் பிரித்து முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தார்கள். முதல் யூனிட் ஓடியதே 21 வருடம்தான்.

அப்புறம், வெளியே வரும்போது உடம்பு முழுக்க அளக்கும் பெட்டி ஒன்று. நான் கையைச் சரியாக வைக்கவில்லை, முதல் தடவை விடவில்லை. மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டாவது தடவை பச்சை.

ஐந்துக்கு நான்கரை. படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.