சர்வீஸ் வண்டியில் ஒரு மில்லிஆம்ப் கிளாம்ப் மீட்டர்

சென்சாரின் அளவை 4 (பூஜ்ஜியம்) முதல் 20 (முழு அளவு) வரையிலான மின்னோட்டமாக அனுப்பும் 4-20 மில்லிஆம்ப் சிக்னலில் கோளாறு என்று அழைப்பு வந்தால், வண்டியிலிருந்து நான் முதலில் எடுப்பது இந்தச் சிக்னலைத் துல்லியமாக அளக்கவும் உருவாக்கவும் உதவும் லூப் கேலிப்ரேட்டரை அல்ல, மில்லிஆம்ப் கிளாம்ப் மீட்டரைத்தான். ஒயரைக் கழற்றாமலே அளக்கலாம் என்பதால், லூப் (சிக்னல் ஓடும் சுற்று) அறுந்ததைப் பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) சென்சார் பழுதெனக் கருதி, ஓடும் இயந்திரத்தை நிறுத்திவிடும் அபாயம் இதில் இல்லை. அண்மையில் ஓர் அழுத்த டிரான்ஸ்மிட்டரின் அருகே 12.0 மில்லிஆம்ப் காட்டிய கிளாம்ப், சிக்னலைப் பெறும் பி.எல்.சி.யின் உள்ளீட்டு கார்டின் அருகே 10.4 மட்டுமே காட்டியது. அதாவது பாதியளவு இருக்க வேண்டிய சிக்னல் 40 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இடையிலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், டெர்மினல் வரிசையில் பச்சை படிந்து, அடியில் தண்ணீர் தேங்கி நின்றது; மின்னோட்டம் அங்கேதான் கசிந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கிளாம்பின் தாடை சுட்டும் திசையை மாற்றினாலே புவியின் காந்தப்புலத்தால் அளவு நகர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒயரைக் கவ்வுமுன், அதே நிலையில் பிடித்துப் பூஜ்ஜியப்படுத்தியாக வேண்டும். மோட்டார் கேபிள்களுக்கு அருகில் எண்கள் நிலைகொள்வதில்லை. கேலிப்ரேஷன் சான்றுக்குரிய துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது; அதற்குக் கேலிப்ரேட்டரும் வண்டியில் இருக்கட்டும். கூடவே மல்டிமீட்டருக்கான மாற்று ஃபியூஸ்களும் அவசியம், ஏனெனில் ஃபியூஸ் போன மீட்டர், மின்னோட்டம் அளக்கும்போது நல்ல லூப்பிலும் பூஜ்ஜியமே காட்டும்.