கரஸ்ஸில் கணிதம்: பவுண்டு, டாலர், யென்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். நான் முடித்த அதே பி.எஸ்சி. கணிதம், அதே அஞ்சல் வழி (பேச்சு வழக்கில் 'கரஸ்'), இப்போது மூன்றாம் வருடம். கையில் புதுப் புத்தகக் கட்டு. "அண்ணே, ரியல் அனாலிசிஸ்லதான் எல்லாரும் அரியர் வைக்கிறாங்களாமே?" என்றான். நான் பதில் சொல்லாமல் அந்தப் புத்தகத்தை உருவி, எல்லை பற்றிய பாடத்தைத் திறந்தேன். பவுண்டு அப்படியே இருந்தது.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கணினியில் பக்கம் அமைக்கும் வேலை பார்ப்பவன். கணிதக் குறிகளுக்கு சிம்பல் என்று ஒரு பழைய எழுத்துரு உண்டு; அதில் ஆங்கில 'இ' அடித்தால் எப்சிலான் என்ற கிரேக்க எழுத்து வரும், 'டி' அடித்தால் டெல்டா. இரண்டும் எல்லைப் பாடத்தில் மிகச் சிறிய எண்களுக்கான குறிகள். யாரோ ஒரு புண்ணியவான் பாடம் முழுவதையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டைம்ஸ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டிருக்கிறார். அவ்வளவுதான், 'சிறியது அல்லது சமம்' என்ற குறி பவுண்டு ஆகிவிட்டது, 'உண்டு' என்பதற்கான திருப்பிப் போட்ட ஈ டாலர் ஆகிவிட்டது, முடிவிலி ஜப்பான் யென் ஆகிவிட்டது. 'ஒவ்வொரு' என்பதற்கான தலைகீழ் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேற்கோள் குறி திறக்கும், அது மூடவே மூடாது. "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்ற வரி, மேற்கோள், இ, டாலர், டி என்று நிற்கும். கணிதப் புத்தகமா, அந்நியச் செலாவணிப் பட்டியலா?

சிரிப்பாக இருக்கலாம், முதல் தடவை படிக்கும்போது இருக்காது. 'இ' என்றால் 2.718 என்றுதான் ப்ளஸ் டூ வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு எண்களின் வித்தியாசம் இ-ஐ விடக் குறைவு என்றால், சரி, 2.718-ஐ விடக் குறைவு போல என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பறையாக இருந்தால் முதல் நாளே ஒருவன் கை தூக்கியிருப்பான். அஞ்சல் வழியில் யாரிடம் கை தூக்குவது? தொடர்பு வகுப்பு என்று வருடத்துக்குச் சில ஞாயிறுகள், இரண்டு மணி நேர பஸ், அங்கே வரும் ஆசிரியர் ஒரே பகலில் ஐந்து பாடத்தைத் தாண்ட வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், 2015-ல் சேர்ந்தபோது வேலையை விடாமல் கணிதம் படிக்க எனக்கு வேறு வழி இல்லை. கட்டணத்தைத் தவணையாகக் கட்டினேன். தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் மறுபடி தெளிவாகச் சொல்லிவிட்டது. (நேர்காணலில் "கரஸ்ஸா?" என்று கேட்கும் குரல் மட்டும் மாறவில்லை.) இயற்பியல் எடுத்த நண்பனோடு ஒப்பிட்டால் நான் அதிர்ஷ்டசாலி. அவனுக்கு ஒரு வருடத்துச் செய்முறை முழுவதையும் கோடையில் பத்தே நாளில் முடித்தார்கள், ஒரு அம்மீட்டரைச் சுற்றி எட்டுப் பேர். கணிதத்துக்கு நோட்டும் பேனாவும் போதும். டிசம்பர் தேர்வுதான் சிக்கல், எங்கள் ஊரில் அது காலண்டர் சீசனின் உச்சம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து மூச்சு விட முடியாது, தேர்வுக்கு லீவு கேட்டால் முதலாளி முகம் தினசரி காலண்டரில் அஷ்டமி நாள் மாதிரி ஆகிவிடும்.

ரியல் அனாலிசிஸில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவைக்கு ஒரு காரியம் செய்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பவுண்டையும் நானே திருத்தினேன். குறிக்குக் குறி மாற்றுவது டி.டி.பி. காரனுக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் சில இடங்களில் குறி அடியோடு விழுந்துபோய் வெறும் இடைவெளி இருந்தது. அங்கே 'சிறியது' வருமா, 'சிறியது அல்லது சமம்' வருமா என்று அர்த்தத்திலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரிசையின் உறுப்பெல்லாம் ஒரு எண்ணை விடச் சிறியது என்றால் அதன் எல்லை எப்படி இருக்கும் என்று சொல்லும் தேற்றத்தில் வெறும் 'சிறியது' போட்டுவிட்டு, மறுநாள் டீக்கடையில் நிற்கும்போது இடித்தது: அரை, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று என்று போகும் வரிசையில் எல்லா உறுப்பும் ஒன்றை விடச் சிறியது, ஆனால் எல்லை ஒன்றேதான்! அப்போ சமம் இல்லாமல் அந்தத் தேற்றமே நிற்காது. டீ ஆறிப்போனது. அந்த ஒரு பேப்பரை நான் புரிந்துகொண்ட அளவுக்கு மற்ற எதையும் புரிந்துகொள்ளவில்லை. இதைப் பாராட்டாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. குழி தோண்டியவன் நீச்சல் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஜியோ வந்த பிறகு என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் திட்டத்தின் விரிவுரைகளையும் ராத்திரி ஷிப்டில் பார்த்தேன். ஐ.ஐ.டி. பேராசிரியர் கரும்பலகையில் எப்சிலானை எப்சிலானாகவே எழுதுவார், அதைப் பார்க்கக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். ஆங்கிலம் கொஞ்சம் பழக வேண்டும்.

2019-ல் பாஸானதும் 61 திருத்தங்களை நாலு பக்கத்தில் டைப் செய்து, எந்த எழுத்துருவால் வந்த கோளாறு, பி.டி.எஃப். எடுக்கும்போது எப்படித் தவிர்ப்பது என்பதையும் எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முத்திரையோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதாவது யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஆபரேட்டருக்கு அரை நாள் வேலை அது. அப்புறமும் அதே பவுண்டோடு மறுபதிப்பு, புது அட்டை, உள்ளே அதே யென்.

எங்கள் பைண்டிங் பிரிவில் ஒரு தம்பி இந்தப் படிப்பில் சேரலாமா என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல படிப்பு, சேர் என்றுதான் சொல்லிவந்தேன். திங்கட்கிழமை காலையில் போனதும் முதல் வேலையாக, "வேண்டாம்டா தம்பி" என்றேன்.

"பணம் கட்டிட்டேன்ணே, நீங்கதானே சொன்னீங்க."

மூன்றாம் வருடம் வரும்போது ஞாபகப்படுத்து, நாலு பக்கம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.