ட்ரஸ்டுக்கு இலவசமா ஃபெங் சுய் பாத்தோம், காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீட்ல

லாப நோக்கம் இல்லாத அமைப்புகளுக்கு காசு வாங்காம ஃபெங் சுய் (எது எந்தப் பக்கம் இருக்கணும்னு சொல்ற சீன முறை, நம்ம வாஸ்து மாதிரி) பாத்து தர்றேன்னு மதுரைல இருந்து ஒரு அம்மா வர்றாங்க, தெரிஞ்ச ட்ரஸ்ட் ஒண்ணுல சொன்னாங்கன்னு நாங்களும் கூப்பிட்டோம். பேர் போடல, கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன்.

எங்களுது சின்ன ட்ரஸ்ட். மத்தியானம் பொம்பளைங்களுக்கு தையல் கிளாஸ், சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். ஒரு செட்டியார் வீட்டோட முகப்பும் வளவும்தான் (நடுவுல திறந்த முற்றம் இருக்குற கட்டு) வாடகைக்கு எடுத்திருக்கோம். அந்த வீடு ஒருத்தருக்கு சொந்தமில்ல, பங்காளிங்க சென்னை, சிங்கப்பூர்னு ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எல்லார்ட்டயும் கேக்கணும். வாசல மாத்து, செவுத்த இடின்னு சொல்ற ஆளுங்க எங்களுக்கு சரிப்பட்டு வரமாட்டாங்க. இந்தம்மா ஃபோன்லயே "இடிக்கிற வேலையே கிடையாதுங்க, இருக்கறத நகத்துறதுதான்"னுட்டாங்க. பதிவுச் சான்றிதழும் 12ஏ (ட்ரஸ்டுக்கு வருமான வரி விலக்குக்கான பதிவு) காப்பியும் மட்டும் அனுப்பச் சொன்னாங்க, அது நியாயம்தான், இல்லாட்டி கடைக்காரங்கல்லாம் ட்ரஸ்டுன்னு சொல்லிட்டு வந்து நிப்பாங்க.

வந்தவுடனே லுவோபான்னு ஒரு சீன திசைகாட்டி, வட்டத்துக்குள்ள வட்டமா எழுத்து, அத வச்சு வாசல் எந்தப் பக்கம்னு பாத்தாங்க. கிழக்க பாத்த வீடு. இங்கதான் எனக்கு சுவாரசியமே. ஃபெங் சுய்ல ஒரே முறை கிடையாதாம், திசைகாட்டி வச்சு பாக்குறவங்களுக்கு பணத்தோட இடம் தென்கிழக்கு, அமெரிக்கா பக்கம் பரவுன இன்னொரு முறைல வாசல்ல நின்னு உள்ள பாத்தா இடதுபக்கக் கடைசி மூலை. கிழக்குப் பாத்த வீட்டுக்கு அந்த மூலை எதுன்னு யோசிச்சுப் பாருங்க, நம்ம கன்னி மூலை! பீரோ அங்கதான வைக்கணும்னு நம்ம வீட்ல சொல்வாங்க. இவங்க திசைகாட்டி கட்சி, அதனால தென்கிழக்குல செடி வைங்கன்னாங்க. வாஸ்துப்படி அது அக்னி மூலையாச்சேன்னு கேட்டேன், ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்காதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ரெண்டு மணி பிளான்ட் வச்சாச்சு.

அடுத்ததுதான் பெரிய பிரச்சன. தெருவாசல்ல நின்னா முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டி பின்தெரு வரைக்கும் நேரா தெரியும், நம்ம பக்கத்து வீடெல்லாம் அப்படித்தான. வாசலுக்கு நேர் வாசல் இருந்தா உள்ள வர்ற சக்தி நிக்காம அப்படியே வெளிய ஓடிருமாம், நடுவுல தடுப்பு வைக்கணுமாம். சித்திரை வெயில்ல பிள்ளைங்க உக்காந்து படிக்கிறதே அந்த நேர்க் காத்துலதான். பங்காளிகள்ல ஊர்லயே இருக்குற ஆச்சி கேட்டுட்டாங்க, "காத்த மறிக்கவா எங்க ஐயா இம்புட்டு நீளத்துக்கு வீடு கட்டுனாக?" தடுப்பு வைக்கல. ஃபெங் சுய் அம்மாவும் வற்புறுத்தல, வாசலுக்கு ரெண்டு பக்கமும் தொட்டி வைங்க போதும்னுட்டாங்க.

ஆனா வளவப் பாத்து அசந்துட்டாங்க. சீனாவுல ஹுய்சோ பக்கத்து வியாபாரிங்க வீட்லயும் நடுவுல இப்படித்தான் திறந்த முற்றம், நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் உள்ளயே விழும், செல்வம் வீட்டுக்குள்ள வந்து சேருதுன்னு அர்த்தமாம். நம்மாளுங்களும் மூலைக்கு ஒரு அண்டா வச்சு அந்தத் தண்ணியப் பிடிச்சவங்கதான. அப்ப வளவு ஓரத்துல நாங்க குமிச்சு வச்சிருந்த உடஞ்ச பெஞ்சு, ஓடாத தையல் மெஷின் எல்லாத்தையும் மொதல்ல எடுங்கன்னாங்க. எடுத்தோம். தரைல பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுல பூ டிசைன் இருக்குன்னே புதுசா வந்த டீச்சருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இதுக்கு சக்தி கிக்தின்னு ஒண்ணும் தேவையில்ல, வெளியாள் ஒருத்தர் வந்து சொல்லணும், அவ்ளோதான். ஆபீஸ் டேபிளையும் திருப்பிட்டோம், முதுகுக்குப் பின்னால செவுரு, வர்ற ஆளு முகம் தெரியும், டொனேஷன் குடுக்க வர்றவங்களுக்கு நம்ம முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தது எங்களுக்கே உறைக்கல.

பழைய ஃபைலெல்லாம் தூக்கிப் போடுங்கன்னதுதான் ஒத்துவராது. வருமான வரி விதிப்படி ட்ரஸ்ட் கணக்குப் புத்தகத்த 10 வருஷம் வச்சிருக்கணும். வீட்டுக்கு சொல்ற யோசனைய ட்ரஸ்டுக்கும் அப்படியே சொல்றாங்க, இத அவங்க கத்துக்கணும். நாங்க பெட்டில போட்டு பரண்ல ஏத்திட்டோம்.

இன்னொரு குறை, பாக்குறதுதான் இலவசம். போனப்புறம் அவங்க உதவியாளர்ட்ட இருந்து வாட்ஸப்ல கிரிஸ்டல், மூணு கால் தவளை, காத்துல ஆடுற மணின்னு வெலைப்பட்டியல் வந்துக்கிட்டே இருந்துச்சு. ட்ரஸ்ட் காசுல தவளை வாங்கிட்டு ஆடிட்டர்ட்ட என்ன தலைப்புல எழுதச் சொல்றது? வேணாம்னு கண்டிப்பா சொன்னதும் நிப்பாட்டிட்டாங்க. அந்தம்மா நேர்ல எதையும் விக்கல, அதையும் சொல்லணும்.

நன்கொடை கூடுச்சான்னு கேக்காதீங்க, எங்களுக்கு மார்ச் வந்தா 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச் சலுகை) ரசீதுக்காகவே கூடும், அதுல எது ஃபெங் சுய் எது வரின்னு பிரிக்க முடியாது.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். ஆச்சி தன் வீட்டையும் பாக்கச் சொன்னாங்க, வீடுன்னா ஃபீஸ் உண்டுன்னாங்க அந்தம்மா, "அப்ப நானும் ஒரு ட்ரஸ்டு ஆரம்பிச்சுக்கிறேன்"னு ஆச்சி. கூப்பிடுறதா இருந்தா பகல் வெளிச்சத்துல வரச் சொல்லுங்க, ஒரு அரை நாள் ஆகும், கிளாஸ் இல்லாத நாளாப் பாத்துக்குங்க, பொருள் எதுவும் வாங்க மாட்டோம்னு முன்னாடியே சொல்லிருங்க.