லூலுவா, தீமியனா? எதை முதல்ல பாக்கலாம்?
லூலு வர்ற 'பண்டோராஸ் பாக்ஸ்', தீமியன் வர்ற 'டைரி ஆஃப் எ லாஸ்ட் கேர்ள்', ரெண்டுமே 1929 ஜெர்மன் சைலண்ட் படம், ரெண்டுக்கும் பாப்ஸ்ட் தான் டைரக்டர், ஹீரோயினும் அதே லூயிஸ் புரூக்ஸ் தான், ஆனா அமெரிக்கப் பொண்ணு. 'பண்டோராஸ் பாக்ஸ்'ல லூலுவா வந்து சிரிச்சே எல்லாரையும் கவுத்துடுவாங்க, கிளைமாக்ஸ்ல கொலைகாரன் தன் கத்திய படிக்கட்டுலயே போட்டுட்டு வர்றான், அப்பாடான்னு இருக்கும்போது மேஜைல இன்னொரு கத்தி மின்னும் பாருங்க, அப்புறம் அவன் முதுகுல இருந்து அவ கை மெதுவா நழுவறது மட்டும் தான் தெரியும், எனக்கு தூக்கமே வரல.

'டைரி ஆஃப் எ லாஸ்ட் கேர்ள்' சுத்தமான அழுகாச்சி மெலோட்ராமா. மருந்துக்கடைக்காரர் பொண்ணு தீமியன் ஏமாந்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போறா, அங்க தாளத்துக்கு சூப் குடிக்கணும், அந்த சீன் செம. மத்தபடி கொஞ்சம் இழுவை.

என் ஓட்டு லூலுவுக்கு, ஆனா நடிப்பு மட்டும்னா தீமியன் தான்.