டபுள் கெப்பில் மட் டயர்: கொழும்பு மழையும் முருங்கன் சேறும்

கொழும்பில் வீடு, மாதத்தில் பாதி நாள் வெளியூரில் வேலை. தண்ணீர்ப் பம்புகளும் தாங்கிகளும் பொருத்துவது எங்கள் தொழில். ஒரு கிழமை மஸ்கெலியாப் பக்கம் தோட்டப் பாதை, மறு கிழமை மன்னார் வயல்வெளி. இதற்காக வைத்திருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், 2.8 டீசல், கியர் மாற்றி ஓட்டும் வண்டி. வெறுமையாகவே 2 தொன் வரும். பம்ப், குழாய், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றினால் இன்னும் அரைத் தொன் கூடும். 2021இல் இந்த வண்டிக்கு மட் டெரெய்ன் டயர் போட்டேன். ஐம்பதாயிரம் கிலோமீற்றரைத் தாண்டி, தேயும் வரை தேய்ந்த பிறகுதான் கழற்றினேன். புதிதாகப் போட்ட முதல் மாதத்தில் எந்த டயரும் நல்ல டயர்தான். பாதி தேய்ந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வருவது பெரும்பாலும் ஹெச்டி, அதாவது தார் வீதிக்கானது. ஏடி தார் வீதிக்கும் மண் பாதைக்கும் பொதுவானது. எம்டி, அதாவது மட் டெரெய்ன், சேற்றுக்கும் கல்லுக்கும் செய்தது: பெரிய ரப்பர்க் கட்டைகள், நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஏடிக்கும் எம்டிக்கும் நடுவில் ஆர்டி என்று ஒன்று இப்போது அதிகம் வருகிறது. பிஎஃப்குட்ரிச் கேஎம்3, யோகோஹாமா ஜியோலண்டார் ஜி003, மாக்ஸிஸ், டோயோ எல்லாம் எம்டியில் பெயர் பெற்றவை. நான் போட்ட பிராண்டைச் சொல்லவில்லை. கீழே எழுதுவது அந்த வகைக்கே உரிய குணங்கள், எந்தப் பெயர் போட்டு வந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இந்தச் செட் வாங்கும்போது பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்கார நானா சொன்னது இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது. "தம்பி, எல்லாரும் முகத்தப் பாத்துத்தான் டயர் வாங்குறாங்க. நீங்க பக்கத்தப் பாருங்க" என்றார். அவர் காட்டியது பக்கச் சுவரில் அச்சிட்டிருந்த எல்டி என்ற எழுத்தை. லைட் ட்ரக் என்பதன் சுருக்கம் அது. சாதாரண ஜீப் டயரைவிட எல்டி டயரின் உடம்பு தடித்தது, உள்ளே நூல் அடுக்குகள் கூடுதல். தோட்டப் பாதைகளில் டயரைக் கொல்வது சேறு அல்ல. காணோரத்தில் குத்திட்டு நிற்கும் உடைகல்தான். நடுவில் ஆணி ஏறினால் எந்த ஊரிலும் ஒட்டிவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயரோடு கதை முடிந்தது. ஹெச்டி டயர் இருந்த காலத்தில் எனக்கு அப்படிப் போனதுண்டு. எல்டி போட்ட பிறகு பக்கச் சுவரில் கீறல் விழுந்திருக்கிறது, வெட்டு விழவில்லை.

ஆனால் எல்டியிலும் எல்லாம் ஒன்றல்ல. சி, டி, இ என்று சுமைத் தரம் இருக்கிறது. சி என்றால் 6 பிளை (டயர் உடம்பின் உறுதியைச் சொல்லும் எண்), உச்சக் காற்று 50 பிஎஸ்ஐ. டி என்றால் 8 பிளை, 65. இ என்றால் 10 பிளை, 80. பத்துப் பிளை என்றதும் அதுதான் சிறந்தது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். என் வண்டியோடு வந்த டயரின் சுமைக் குறியீடு 112, ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். முழுச் சுமையிலும் பின்பக்க டயர் ஒன்றில் 900 கிலோ ஏறுவதே பெரிய விஷயம். சி தரத்திலேயே 112 கிடைக்கும். இ தரத்தில் 121, அதாவது 1,450 கிலோ. அந்தக் கூடுதல் தாங்குசக்திக்கு ஹைலக்ஸில் வேலையே இல்லை, விறைப்பு மட்டும் மிஞ்சும். நாள் முழுக்கக் கல்லில் ஓடுபவருக்கும் எந்நேரமும் உச்சச் சுமையோடு திரிபவருக்கும் இ சரி. மற்ற டபுள் கெப்காரர்கள் சி தரத்தைத் தேடி வாங்குவது முதுகுக்கும் நல்லது, ஷொக்குக்கும் நல்லது.

அளவில் ஒரு படி மட்டும் ஏறினேன். 265/65 ஆர் 17 இருந்த இடத்தில் 265/70 ஆர் 17. விட்டம் 776 மில்லிமீற்றரிலிருந்து 803 ஆகிறது. அடிப்பாகம் உயர்வது இதில் பாதிதான், 13 மில்லிமீற்றர். கியர் விகிதத்தில் 3.4 வீதம் போகிறது. ஸ்பீடோமீற்றர் முள்ளை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், அது 100 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீற்றருக்கு மேல் வேகமாக ஓடுகிறோம். தெற்கு அதிவேகப் பாதையில் 100தான் எல்லை என்பதை மறந்துவிடக்கூடாது. இதற்கு மேல் பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பும்போது உரசத் தொடங்கும், பிரேக்குக்கும் கிளச்சுக்கும் பாரம் கூடும். எல்டி மட் டயர் ஒன்று பழைய டயரைவிட 6, 7 கிலோவாவது கூட இருக்கும். சுழல்கிற எடை என்பதால் அதைக் காலடியிலேயே உணரலாம்.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் நான் பார்த்த மட் டயர்களில் பலவும் காற்றினால்தான் கெட்டிருக்கின்றன. கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருப்பது கம்பனி போட்ட டயருக்கு. எல்டி டயர் அதே சுமையைத் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். 29 போட்ட இடத்தில் எனக்கு 36 சரியாக இருந்தது, பின்னால் சுமை இருந்தால் 42. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அறிய எளிய வழி இருக்கிறது. காலையில் குளிர்ந்த டயரில் அளந்துகொண்டு, ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எல்டி டயரில் 6 பிஎஸ்ஐ அளவு ஏறியிருந்தால் பொருத்தம். அதைவிட அதிகம் ஏறினால் காற்று போதாமல் டயர் நெளிந்து சூடாகிறது. மிகக் குறைவாக ஏறினால் காற்று கூடிப்போய்விட்டது, நடு ரப்பர் மட்டும் தேயும். எரிபொருள் நிலையத்து மீற்றர்களை நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருப்பது நல்லது.

இனி மழை. இந்த எழுத்தின் முக்கியமான பகுதி இதுதான்.

கொழும்பில் வருடத்துக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கும், ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை. மட் டயர் நனைந்த தாரில் எப்படி நடக்கும் என்பதை இந்த ஊரைப் போல் சொல்லித்தரும் ஊர் இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீரில் அது மோசமில்லை. அகன்ற இடைவெளிகள் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், கடுவலைப் பக்கம் பள்ளமான இடங்களில் வெள்ளம் நிற்கும்போது நிதானமாகவே போகும். பிரச்சினை மெல்லிய ஈரத்தில். நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் பத்து நிமிடத் தூறல் வீதியிலுள்ள எண்ணெயையும் புழுதியையும் குழைத்துப் படலமாக்கிவிடும். அந்தப் படலத்தைக் கிழிக்க ரப்பரில் நுண்ணிய வெட்டுகள் வேண்டும். மட் டயரின் கட்டைகளில் அவை குறைவு. கல்லில் பிய்ந்துபோகாதபடி ரப்பரும் இறுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது. போதாததற்குத் தாரில் படும் ரப்பரின் பரப்பும் குறைவு.

விளைவு இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, பிரேக் தூரம். பேஸ்லைன் வீதியில் வாகனங்கள் ஓடியோடி மெருகேறிய தாரில், பாதசாரிக் கடவைக் கோடுகளுக்கு மேல் பிரேக் பிடிக்கும்போது, பழைய டயரில் நின்ற இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கும். மற்றது, பின்பக்கம். வெறும் கெப்பில் பின்னால் எடையே இல்லை. எஞ்சினோ 1,400 சுற்றிலேயே 420 நியூட்டன் மீற்றர் இழுக்கிறது. ஈரமான சுற்றுவட்டத்தில் இரண்டாம் கியரில் கொஞ்சம் அழுத்தினால் போதும், பின் சக்கரம் வழுக்கி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சியின் விளக்கு மினுங்கும். இதற்குப் பழகலாம். முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுவேன், கியரை ஒன்று கூட்டியே வைத்து வளைவேன். ஆனால் வீட்டில் வேறு யாராவது, முக்கியமாகப் புதிதாக ஓட்டப் பழகியவர்கள், அந்த வண்டியை எடுப்பதாக இருந்தால் மட் டயர் போடவே வேண்டாம். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஈரத்துக்காக நாற்சக்கரப் பிடியை (4ஹெச்) போட்டுக்கொண்டு தார் வீதியில் ஓட்டுவதும் தீர்வல்ல. ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஈடுசெய்யும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவுகளில் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

பாதி தேய்ந்த பிறகு இது இன்னும் கூடும். வெயிலில் காய்ந்து ரப்பர் இறுகியிருக்கும், இருந்த கொஞ்ச நஞ்ச வெட்டுகளும் மறைந்திருக்கும். சேற்றுக்கு இன்னும் நல்ல நிலையில் இருக்கும் டயர், கொழும்பு மழைக்கு அப்போதே வயதானதாகிவிடுகிறது.

சரி, இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் கைம்மாறு கிடைத்ததா? எனக்குக் கிடைத்தது. மன்னாரில் முருங்கன் பக்கக் கறுப்பு மண்ணைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மாரி தொடங்கியதும் பசை போல ஒட்டும். ஏடி டயரில் அந்த மண் இடைவெளிகளை அடைத்து, கொஞ்ச தூரத்தில் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். மட் டயர் சுழலச் சுழல அடைத்த மண்ணை வீசி எறிந்துவிட்டு மறுபடி பிடிக்கும். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் வரப்போரமாகப் பம்ப் இறக்கப் போன நாட்களில், உழவு இயந்திரம் வைத்திருப்பவரை அழைக்காமலே வெளியே வந்தேன். மலையகத்தின் செம்மண் ஏற்றங்களிலும் அப்படித்தான். மழை பெய்த மறுநாள் லயத்துக்கு மேலே தாங்கி வைக்கும் இடம் வரை சுமையோடு ஏறியது. மக்களுக்குத் தண்ணீர் ஒரு நாள் முன்னால் கிடைத்ததென்றால் அதில் இந்த டயருக்கும் பங்குண்டு.

மணல் வேறு கதை. கற்பிட்டியிலும் மன்னார்த் தீவிலும் மட் டயர் தோண்டும். மணலில் மிதக்க வேண்டும், கட்டைகள் கூர்மையாக இருந்தால் குழி பறித்து அச்சுவரை இறங்கிவிடும். 16, 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கி, அக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தாமல் போனால் சமாளிக்கலாம். ஆனால் அதே காற்றில் சாதாரண ஏடி இன்னும் சுலபமாகப் போகும். கடற்கரை ஓட்டம்தான் உங்கள் ஆசையென்றால் மட் டயர் பக்கமே வர வேண்டாம். தார் ஏறியதும் காற்றை நிரப்பும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும், ஒரு 12 வோல்ட் கொம்பிரஸர் அவசியம்.

சத்தம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். புதிதில் ஒரு மெல்லிய ரீங்காரம்தான். ஒழுங்காக மாற்றிப் போடாவிட்டால் கட்டைகளின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வேறுவேறாகத் தேய்ந்து, எழுபதில் போகும்போது பெயரிங் போன சக்கரம் போல ஊளையிடும். நான் 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மேலதிக டயரையும் சேர்த்து, ஐந்தையும் சுற்றி மாற்றினேன். அப்படியும் கடைசி வருடம் ஹைவேயில் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

டீசல் செலவு கூடும். லீற்றருக்குப் பத்தரை ஓடியது ஒன்பதரையாகக் காட்டியது. பெரிய டயரால் மீற்றர் தூரத்தைக் குறைத்தே எண்ணுகிறது, ஆகவே உண்மையில் அது 9.8 அளவு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாராந்தம் கிடைத்த டீசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணியபோது இந்த வித்தியாசம் மிகவும் வலித்தது. சாதாரண நாளில் தாங்கக்கூடியதே.

வாங்கும்போது, பக்கச் சுவரில் தயாரித்த காலத்தைச் சொல்லும் டிஓடி எண்ணைக் கட்டாயம் பாருங்கள். கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன காலத்துக்குப் பிறகு இறக்குமதி டயரின் விலை எங்கேயோ போய்விட்டது. மட் டயர் மெதுவாக விற்கும் சரக்கு என்பதால் பழையது ராக்கையில் தங்கிவிடுவதும் உண்டு. நான்கு டயரிலும் எண்ணைப் பார்க்காமல் ரிம்மில் ஏற்ற விடாதீர்கள். பாலன்ஸிங்குக்கு ஈயம் அதிகம் பிடிக்கும், அது குறையல்ல. ஆனால் ஒரு டயருக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பிடித்தால் ரிம்மில் அரைவட்டம் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு மன்னார் வேலை குறைந்து, கொழும்பு, கம்பஹா, கண்டி ஓட்டம் கூடிவிட்டது. அதனால் இம்முறை போட்டிருப்பது அதே 265/70 ஆர் 17 அளவில் சி தர எல்டி ஏடி. பக்கச் சுவர் அதே உறுதி, மழையில் பிரேக் கால் நிம்மதியாக இருக்கிறது. பழைய மட் டயர்களில் மற்றவற்றைவிட நல்லதாக இருந்த இரண்டையும் ரிம்மோடு களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன். மாரி காலத்தில் முருங்கனுக்குப் போக நேர்ந்தால் சேற்று வாசலில் பின் சக்கரங்களுக்கு மாட்டிக்கொள்வேன். சேற்றுக்குள் இறங்கிய பின்தான் நாற்சக்கரப் பிடியைப் போடுவேன். தார் ஏறுமுன் மறுபடி கழற்றிவிடுவேன்.